மால்டா: ஆறில்லாத தீவு பிழைத்த கதை

மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மால்டா. மால்டா, கோஸோ, கொமினோ என்ற தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். 2018 அக்டோபரில் நானும் என் மனைவியும் எட்டு நாட்கள் அங்கே தங்கிச் சுற்றிப் பார்த்தோம். கோட்டைகள், மாதா கோயில்கள், எகிப்தியப் பிரமிடுகளுக்கும் சுமார் ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட கோஸோவின் கற்கோயில்கள் என்று பார்க்க வேண்டியவை ஏராளம். ஆனால் விஞ்ஞானம் படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு வேறொரு கேள்விதான் எழுந்தது. ஓர் ஆறுகூட இல்லாத இந்தத் தீவு, இத்தனை முற்றுகைகளை எப்படித் தாங்கியது?

தண்ணீர்க் கணக்கு

ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். தரை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லின் இடுக்குகள் வழியே இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நிற்கும் என்பது விதி. அளவு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். ஆகவே மழையைப் பிடித்து வைப்பதே இங்கு பிழைக்கும் வழி.

முற்றுகையும் புதிய நகரமும்

1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இத்தீவுகளைப் புனித ஜான் சபை வீரர்களுக்கு அளித்தார். வாடகை ஆண்டுக்கு ஒரே ஒரு வல்லூறு! 1565 மே மாதம் துருக்கிய சுல்தான் சுலைமானின் பெரும்படை வந்து இறங்கியது. சபையின் தலைவர் ழான் டி வலெட் தலைமையில் வீரர்களும் உள்ளூர் மக்களும் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தனர். இறுதியில் துருக்கியப் படை திரும்பிப் போயிற்று.

மறு ஆண்டு, 1566 மார்ச் 28 அன்று, அவர் பெயரால் வலெட்டா நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று விதி செய்தார்கள். மனையைத் தோண்டும்போது கிடைக்கும் கல்லால் வீடு எழும்பும். தோண்டிய குழி தொட்டியாகிவிடும். இதை வழிகாட்டி விளக்கியதும் என் மனைவி, "கல்லும் ஆத்துக்கு ஆச்சு, குழியும் தண்ணிக்கு ஆச்சு. கெட்டிக்காராதான்னா!" என்றாள்.

ஜனத்தொகை பெருகியதும் தொட்டிகள் போதவில்லை. அலோஃப் டி விக்னகோர்ட் என்ற தலைவர் பெரும்பகுதிச் செலவை ஏற்று, 1610-ல் தொடங்கி 1615-ல் சுமார் 16 கிலோமீட்டர் நீர்க்கால்வாயைக் கட்டி முடித்தார். மேட்டு நிலத்து ஊற்றுநீர் சரிவின் போக்கிலேயே நகரத்துக்கு வந்தது. அதன் வளைவுகளை இன்றும் சாலையோரம் காணலாம்.

நீரைப் போலவே தானியமும் பூமிக்குள் இருந்தது. வலெட்டாவுக்கு வெளியே ஃப்ளோரியானாவில், மாதா கோயில் எதிரே உள்ள மைதானம் முழுவதும் எந்திரக்கல் போன்ற வட்டக் கற்கள் பதிந்திருக்கின்றன. அவை பாறையில் குடைந்த குதிர்களின் மூடிகள். காற்றுப் புகாமல் அடைத்தால் கோதுமை நெடுநாள் கெடாது.

நம் நாட்டுத் தொடர்பு

மராத்தியப் பேரரசின் முடிவைக் கண்ட கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு, 1824 முதல் 1826-ல் இறக்கும்வரை மால்டாவின் ஆளுநர். வலெட்டாவில் அவர் பெயரால் உள்ள தோட்டத்தில்தான் அவரது கல்லறை. 1878-ல் ரஷ்யாவுடன் போர் மூளும் என்று பிரிட்டன் அஞ்சியபோது, சுமார் 7000 இந்தியச் சிப்பாய்கள் சூயஸ் கால்வாய் வழியே இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களில் மதராஸ் ராணுவத்தினரும் உண்டு.

ஆகஸ்ட் 15, 1942

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் இத்தீவை இடைவிடாமல் குண்டு வீசித் தாக்கின. மக்கள் பாறையைக் குடைந்து சுரங்கங்களில் வாழ்ந்தனர். 1942 ஏப்ரலில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுவதற்கும் ஜார்ஜ் கிராஸ் விருதை வழங்கினார். ஆனால் விருது பசியாற்றுமா? ரொட்டியும் எரிபொருளும் தீரும் நாள் எது, அதாவது சரணடைய வேண்டிய நாள் எது என்று அதிகாரிகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பல் காவலுடன் புறப்பட்டன. வந்து சேர்ந்தவை 5 மட்டுமே. கடைசியாக வந்தது எண்ணெய்க் கப்பல் ஒஹாயோ. பாதி மூழ்கிய நிலையில், இருபுறமும் நாசகாரிக் கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, அது துறைமுகத்துக்குள் நுழைந்தது. அன்று மாதாவின் திருநாளான ஆகஸ்ட் 15. ஐந்தாண்டுகள் கழித்து நமக்கும் மறக்க முடியாத தேதியாகப்போகும் நாள்!

இன்று

1964-ல் மால்டா சுதந்திரம் அடைந்தது. 1980-களில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் வந்தன. இப்போது குழாய்நீரில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிடைக்கிறது. அது பாராட்டத்தக்க சாதனையே. ஆனால் ஆலைக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கோ கப்பலில் வரும் எரிவாயு வேண்டும், அல்லது சிசிலியிலிருந்து 2015-ல் செயல்பாட்டுக்கு வந்த கடலடிக் கேபிள் வேண்டும். 1942-ல் கப்பலை எதிர்பார்த்த தீவு இன்றும் வெளியாரையே எதிர்பார்க்கிறது. பழைய வீட்டுத் தொட்டிக்குத் தேவைப்பட்டதெல்லாம் மழை ஒன்றுதான். இப்போது பல தொட்டிகள் கவனிப்பாரற்றுக் கிடக்க, மழைநீர் தெருவில் ஓடிக் கடலில் கலக்கிறது.

மால்டா செல்லும் அன்பர்கள் மாதா கோயில்களையும் அரண்மனைகளையும் கட்டாயம் பாருங்கள். கூடவே, அங்கே பழைய வீடு எதிலாவது நுழைய நேர்ந்தால், முற்றத்துத் தொட்டியின் மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அத்தீவின் சரித்திரத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.