அருவியும் மருந்துச் சீட்டும்

சாரற்காலத்தில் தென்காசி வழியே குற்றாலம் சென்றோர் அனைவரும் இன்பம் நாடிச் சென்றவரல்லர். சித்தம் கலங்கியோரை உறவினர் அழைத்துவந்து அருவியின்கீழ் நிறுத்துவது நெடுநாள் வழக்கம். தெளியாவிடில் அருவிமேல் வழக்குத் தொடுப்பார் உண்டோ?

மருந்து வந்தபின் நிலைமை மாறிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் சர்ப்பகந்தியின் வேர் சித்தக் கலக்கத்திற்கும் இரத்தக் கொதிப்பிற்கும் உதவும் என்று 1931-இல் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். ஒரே வேர், இரண்டு நோய்! 1952-இல் அதிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இசைவு பெற்ற நோய்க்கன்றி வேறொன்றிற்கு மருத்துவர் ஒரு மருந்தை எழுதித் தீங்கு நேர்ந்தால், பொறுப்பு யாருடையது?

இதற்கான அளவுகோல் 1957-இல் இலண்டனில், போலம் என்ற மனநோயாளி தொடுத்த வழக்கில் பிறந்தது. தசை தளர்த்தும் மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுத்ததால் அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. பொறுப்புள்ள மருத்துவர் குழாம் ஒன்று ஏற்கும் முறையைக் கையாண்டவர் கவனக்குறைவுடையவர் ஆகார் என்று நீதிபதி ஜூரிகளுக்கு உரைத்தார்; போலம் தோற்றார்.

2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அவ்வளவுகோலை ஏற்றது. ஆகவே வேறு நோய்க்கு எழுதியது ஒன்றே கவனக்குறைவு ஆகாது; ஆனால் சக மருத்துவர் ஒப்பும் காரணத்தைத் தென்காசி மருத்துவரும் காட்டியாக வேண்டும். சகாக்களின் ஒப்புதல் மட்டும் நோயாளிக்குப் போதிய காவலா என்பது என் ஐயம். தசைத்தளர்ப்பு மருந்தும் மயக்க மருந்தும் இன்றி மின்னதிர்ச்சி கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடுத்தது. போலம் முறையிட்டதும் அதைப் பற்றியே.