காற்றைக் கட்டிய தத்துவஞானி

சிசிலித் தீவின் அக்ரகஸ் நகரில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் எம்பிடோக்ளிஸ். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கு வேர்களால் ஆனது உலகம், அன்பு அவற்றைச் சேர்க்கிறது, பகை பிரிக்கிறது என்றவர். பாடநூல்கள் அவரை இதோடு விட்டுவிடுகின்றன.

அவர் கவிதையில் எழுதியவர். சீடன் பாசனியஸுக்கு அதில் என்னவெல்லாம் வாக்களிக்கிறார் தெரியுமா? மூப்புக்கு மருந்து, பயிரைப் பாழாக்கும் காற்றை அடக்கும் வித்தை, வறண்ட காலத்தில் மழை. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவனின் வலிமையைப் பாதாளத்திலிருந்து மீட்டுவரும் ஆற்றல்! இன்னோரிடத்தில், தாம் இனி மனிதரல்ல, சாவற்ற தெய்வம் என்றே ஊராருக்கு அறிவிக்கிறார். மாலை சூடி நடக்கும் தம் பின்னால், குறி கேட்டும் நோய் தீர வழி கேட்டும் ஆயிரமாயிரம் பேர் வருகிறார்களாம்.

கழுதைத் தோல் பைகளை மலைமேல் விரித்துக் காற்றைப் பிடித்தார், எட்னா எரிமலைக்குள் குதித்தார், அவருடைய வெண்கலச் செருப்பை மலை வெளியே துப்பியது என்பவை பின்னாளில் வளர்ந்த கதைகள். வாக்குறுதிகளோ அவரே எழுதியவை.

இதே மனிதர்தான், அடியில் சிறு துளைகள் கொண்ட செப்புப் பாத்திரத்தை வைத்து ஒரு சிறுமி விளையாடுவதை உற்றுப் பார்த்தார். மேல்வாயை விரலால் அடைத்து நீரில் அமிழ்த்தினால் நீர் உள்ளே ஏறாது. விரலை எடுத்தால் குபுகுபுவென்று ஏறும். காற்றும் இடத்தை அடைக்கும் பொருள்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? உடம்பில் மூச்சு ஓடும் விதத்தையும் இதைக் கொண்டே விளக்கினார்.

விஞ்ஞானி ஒரு கவிதையிலும் மந்திரவாதி இன்னொன்றிலும் இருப்பதாக அறிஞர்கள் பலகாலம் பிரித்துவைத்தார்கள். 1904-இல் எகிப்தில் வாங்கப்பட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்த, அவருடைய கவிதை அடிகள் கொண்ட ஒரு பாப்பிரஸ் சுவடி, அந்தப் பிரிவினையை அசைத்துவிட்டது. அதன் 52 துண்டுகளை ஒட்டிப் படித்து 1999-இல் பதிப்பித்தபோது, நான்கு வேர்களின் கணக்கோடு, இரைக்காகக் கொலை செய்த பாவத்தை எண்ணிப் புலம்பும் அடிகளும் சேர்ந்தே கிடந்தன. ஒரே கவிதையா, இரண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எழுதியவர் ஒருவரே, அவருக்கு மழை வரவழைப்பதும் இயற்கையை அறிவதும் ஒரே கல்விதான்.