மணி அடிக்கும்வரை வெளியே

செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருந்து, பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். 400 மாணவர்களில் 10 பேர் தவிர எல்லாரும் பிராமணர்கள். சாதி தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்கிற பயம். விளையாட்டும் கிடையாது. 1939இல் வந்த தன் ஜீவிய சரித்திரத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

'அவங்க ஒண்ணும் அப்படி நினைக்கல, உனக்குத்தான் தாழ்வு மனப்பான்மை' என்று புத்தி சொல்கிறவர்கள், கலெக்டர் திரமென்ஹீர் இதே ஜில்லாவைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கையைப் படிக்கட்டும். சேரியில் குடியிருந்த மனைகூட மிராசுதார் பிடியில். பயம் காற்றில் முளைத்ததல்ல.

ஒளிந்தால் தப்பலாம் என்ற கணக்குதான் தப்பு. 1893இல் சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. எதை மறைத்தாரோ அதுவே தலைப்பு! மாதப் பத்திரிகையாக வந்தது சீக்கிரமே வாரப் பத்திரிகையாயிற்று. வாங்கிப் படிக்க ஆள் இருந்தது என்றுதானே அர்த்தம்?

மணிமங்கலத்தில் ஒரகடம் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளிடம் இன்றும் கேட்பார்கள்: "ஊர்ல எந்தப் பக்கம்?" ஏரிப் பக்கம் என்று மழுப்புகிறவர்கள் உண்டு. கேட்டவர் சாதியை மோந்து பார்த்திருக்கலாம், சும்மாவும் கேட்டிருக்கலாம். "காலனி" என்று சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்.