பின் அச்சின் கதை: சங்கிலியிலிருந்து ஒன்பது அங்குலம் வரை



டெக்சாஸில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் 1978ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஓட்டினால் பின்பக்கம் ஊளையிடுகிறதாம். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வேறொரு பின் அச்சு முழுசாகக் கிடைக்கிறது, அதை அப்படியே மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார். நான் மெக்கானிக் இல்லை. நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்குள் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது, ஆறாம் வகுப்புக் கணக்கும் இருக்கிறது. அதனால் அவருக்குத் தனியாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிப்போம். அதன் இருசு சுழலாது. சக்கரங்கள் இரண்டும் அதன் மேல் தனித்தனியே சுழலும். வண்டியை இழுப்பது மாடு, சக்கரம் கூடவே உருளுகிறது, அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், உள் சக்கரம் குறைவாக ஓடும். யாருக்கும் சிக்கல் இல்லை. சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும் என்று வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கினால் வளைவில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துதான் ஆக வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர். 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக, சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் கொடுத்துக்கொண்டே வேக வேறுபாட்டுக்கும் இடம்தரும் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் டிபரன்ஷியல். அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மூன்று சக்கர சைக்கிளில் பொருத்தினார். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தபோது, மகனின் கால் பலத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, அதிலிருந்து பிறந்த யோசனை என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, டிபரன்ஷியலை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தொடக்க கால லாரிகளில் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தி போனது சங்கிலி வழியாக. சைக்கிள் செயின் போலத்தான், பெரிய அளவில். புழுதியும் சேறும் பட்டு அது தேயும், சத்தம் போடும், அறுந்தும் போகும். இருந்தும் பாரவண்டிகளில் நெடுநாள் நீடித்தது. மேக் நிறுவனத்தின் 'புல்டாக்' லாரி 1930களின் இறுதி வரை சங்கிலியோடுதான் ஓடியது.

இப்போது நம் கேள்விக்கு நேராக வருகிறேன். அச்சு மாற்றுவது இன்று தொடங்கிய பழக்கம் இல்லை. ஃபோர்டு டி மாடல் கார் 1908இல் வந்தது. விலை மலிவு, ஊரெல்லாம் இருந்தது. விவசாயிகளும் கடைக்காரர்களும் அதில் மூட்டை ஏற்ற ஆசைப்பட்டார்கள். ஆனால் அதன் பின் அச்சு ஒரு டன் தாங்காது. அப்போது சிகாகோவில் 'ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்' என்று ஒரு மாற்றுத் தொகுப்பு விற்றார்கள். காரின் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சங்கிலிப் பல்சக்கரத்தை மாட்டி, சற்றுப் பின்னால் கனத்த புதிய அச்சு ஒன்றை நீண்ட சட்டத்தோடு சேர்ப்பார்கள். பழைய அச்சு இடைத்தண்டாக மாறிவிடும். கார் லாரி ஆகிவிடும்! பிறர் இப்படிச் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்டு 1917இல் தானே டிடி என்ற ஒரு டன் லாரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பின் அச்சில் புழுப் பல்சக்கரம், விகிதம் 7.25. அதாவது ஷாஃப்ட் 7.25 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகம் ஆமை, இழுவை யானை. தொழிற்சாலையிலேயே பெட்டி கட்டிய முதல் ஃபோர்டு பிக்கப் 1925இல் வந்தது, விலை 281 டாலர்.

டி மாடலில் இன்னொன்று கவனிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடப்பட்டு அச்சோடு ஒரே உறுப்பாக இருந்தது. ஃபோர்டு கார்களில் இந்த முறை 1948 வரை நீடித்தது. திறந்த ஷாஃப்ட் வந்த பிறகுதான் அச்சு தனி உறுப்பு ஆயிற்று. இரண்டு பக்கமும் பட்டை, நடுவே ஷாஃப்ட், பிரேக் குழாய், கேபிள், ஷாக் அப்சார்பர். இவற்றைக் கழற்றினால் அச்சு கையோடு வந்துவிடும். அந்தத் திறந்த ஷாஃப்டைச் சாத்தியமாக்கியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நல்ல யுனிவர்சல் ஜாயிண்டுக்கு 1903இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே தொழில் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் டானா. ஜீப்பின் அச்சுகள் அவர்களுடையவை. போர்க்கால ஜீப்பில் விகிதம் 4.88, போர் முடிந்து உழவர்களுக்காக வந்த சிஜே-2ஏ ஜீப்பில் 5.38. மகிந்திரா வழியாக நம் மலைப்பாதைகளுக்கு வந்து சேர்ந்ததும் அதே குடும்பம்தான்.

கார்னெல் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார், பெண் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் வில்லியம் கிளீசன் 1874இல் சாய்பற்சக்கரம் வெட்டும் இயந்திரம் செய்தார். அவர் மகள் கேட் கிளீசன் 1884இல் கார்னெலில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பட்டறையில் பண நெருக்கடி வந்ததால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. ஆனாலும் அந்த இயந்திரங்களைக் கொண்டுபோய் ஐரோப்பா வரை விற்றவர் அவர்தான். 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது, முழு உறுப்பினரான முதல் பெண். பட்டம் இல்லாத பொறியாளர்!

அந்தக் கிளீசன் நிறுவனம் 1920களின் நடுவில் ஹைப்பாய்டு என்ற பல்வெட்டைக் கொண்டுவந்தது. அதுவரை பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக வந்து சேர்ந்தது. ஹைப்பாய்டில் மையத்துக்குக் கீழே வரும். ஷாஃப்ட் தாழ்ந்தது, கார்களும் தாழ்வாயின, பல்லும் பலமானது. 1926இல் பேக்கார்டு கார்களில் வந்தது. ஒரே குறை, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். சாதாரண எண்ணெய்ப் படலம் அதில் நிற்காது. அதனால்தான் பின் அச்சுக்கென்று தனி கியர் ஆயில். எந்த எண்ணெயையாவது ஊற்றினால் ஊளைதான்.

இந்தப் பரம்பரையில் வந்ததுதான் ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சு. 1957இல் அறிமுகம். ஒன்பது அங்குலம் என்பது கிரவுன் வீலின் விட்டம். இதன் சிறப்பு என்னவென்றால், கிரவுன், பினியன், டிபரன்ஷியல் மூன்றும் ஒரே கூட்டாக முன்பக்கமாகக் கழன்று வந்துவிடும். அமெரிக்காவில் அதைப் பூசணிக்காய் என்றே சொல்கிறார்கள். பின்னால் 1980களில் வந்த 8.8 அங்குல அச்சில் இது முடியாது. பின் மூடியைத் திறந்து, அச்சு வண்டியில் இருக்கும்போதே உள்ளே எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். பினியன் எவ்வளவு ஆழம், பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தகடு வைத்துப் பார்க்கும் வேலை அது. வீட்டு முற்றத்தில் அதைச் செய்வதைவிட முழு அச்சையும் மாற்றுவது எளிது. மாணவரின் யோசனை இந்த அளவில் சரிதான்.

ஆனால் 8.8 அச்சு கிடைக்கிறது என்று அவசரப்பட வேண்டாம். அதில் சக்கரத் தண்டைப் பிடித்திருப்பது உள்முனையில், டிபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி வளையம். தண்டு உடைந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடக்கூடும். ஒன்பது அங்குலத்தில் வெளிமுனையில் பேரிங்கை ஒரு தகடு நான்கு போல்ட்டால் பிடித்திருக்கும். தண்டு உள்ளே உடைந்தாலும் சக்கரம் பெரும்பாலும் வண்டியிலேயே நிற்கும். எனக்கு ஓட்டு இருந்தால் ஒன்பதுக்குத்தான் போடுவேன். இன்னும் கனமான லாரிகளில் முழு மிதவை அச்சு வரும். அங்கே வண்டியின் பாரம் முழுவதையும் ஹவுசிங் தாங்கும், தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். சக்கரத்தைத் தூக்காமலே தண்டை உருவி எடுத்துவிடலாம்.

இனி கணக்கு. வாங்கும் அச்சின் விகிதத்தை விற்பவர் வாய்ச்சொல்லில் நம்பக் கூடாது. ஒரு பக்கச் சக்கரத்தை யாராவது பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் விகிதம் 3.00. மூன்றரை என்றால் 3.50. (ஏன் இரண்டு சுற்று? ஒரு சக்கரம் நிற்கும்போது கிரவுன் வீல் பாதிதான் சுற்றும். ஸ்டார்லியின் மகனை நினைத்துக்கொள்ளுங்கள்.) சாதாரண டிபரன்ஷியலுக்குத்தான் இந்த வழி, சக்கரங்களைப் பூட்டும் வகைக்கு ஒத்துவராது.

சக்கரம் 30 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு சுமார் 2.39 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 696 சுற்று. நேர் கியரில் 3.00 அச்சுக்கு எஞ்சின் 2,088 சுற்று ஓடும், 4.11 அச்சுக்கு 2,860. பாரம் இழுக்கப் பின்னது, நெடுஞ்சாலைக்கு முன்னது. இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் நடக்காது.

வேகமானியிலும் கவனம் வேண்டும். இந்தப் பழைய வண்டிகளில் அது கியர்பாக்ஸின் வால் பக்கத்திலிருந்து ஓடுகிறது, அச்சு மாறியது அதற்குத் தெரியாது. 3.50 இருந்த இடத்தில் 3.00 போட்டு வேகமானிப் பல்லை மாற்றாமல் விட்டால், முள் 60 மைல் காட்டும்போது வண்டி 70இல் ஓடும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் எடுபடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முன் அச்சிலும் அதே விகிதம் இருந்தே ஆக வேண்டும்.

மீ.பொ.வ. எதற்குப் படிக்கிறோம் என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். 4.11 விகிதம் என்பது 37க்கு 9 பற்கள். பொது வகுத்தி 1. பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவும். 3.00 என்பது 39க்கு 13. மீ.பொ.வ. 13. ஒரு பினியன் பல் வாழ்நாள் முழுக்க அதே மூன்று பற்களைத்தான் சந்திக்கும். அதனால் இந்த வகையைக் கழற்றினால், எந்தப் பல் எதனோடு சேர்ந்திருந்ததோ அதே இடத்தில் குறி பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அளவும் முக்கியம். 1972 வரையான எஃப்-100 அச்சு சக்கரத்துக்குச் சக்கரம் சுமார் 61 அங்குலம், 1973க்குப் பின் சுமார் 65. பெயர் ஒன்பது அங்குலம் என்பதால் எல்லாம் ஒன்று ஆகிவிடாது. பட்டை உட்காரும் மேடைகளின் இடைவெளி வேறாக இருந்தால் வெட்டி மீண்டும் வெல்டிங் வைக்க நேரும். அப்போது பினியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் வைத்தால் ஷாஃப்ட் நடுங்கும். ஸ்பைசர் ஜாயிண்ட் சாய்வில் சுழலும்போது ஒரே சீராகச் சுழலாது. ஒரு முனை தரும் ஏற்றத்தாழ்வை மறுமுனை சரிக்கட்ட வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸின் தண்டும் பினியன் தண்டும் இணையாக இருக்க வேண்டும். முதலில் ஆங்காங்கே பொட்டு வெல்டிங், வண்டியின் முழுப் பாரத்தில் கோணம் பார்த்தபின் முழு வெல்டிங். ஒரே மூச்சில் சூடேற்றினால் குழாய் வளையும்.

வேலை தொடங்கும்போது முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துத்தான் படுக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அல்ல. அச்சு நூறு கிலோவுக்கு மேல், ஒற்றை ஆள் வேலை இல்லை. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம், ஒருமுறை இறுக்கியது நீண்டிருக்கும். பிரேக்கில் காற்று எடுத்து, கியர் ஆயில் ஊற்றி, காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, நூறு மைல் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

ஃபோர்டு தன் பிக்கப்புகளில் ஒன்பது அங்குல அச்சை 1986ஓடு நிறுத்திவிட்டது. ஆனால் அதன் ஹவுசிங், பூசணிக்காய், தண்டு எல்லாவற்றையும் வேறு பட்டறைகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. பந்தயக்காரர்கள் வாங்குகிறார்கள். 1978ஆம் ஆண்டு வண்டிக்காரருக்கும் அதே கடைதான்.