டொறத்தி கேரி இருந்த வீடு

வில்லியம் கேரியின் கதையைக் காலைக் கூட்டத்தில் ஒருமுறையேனும் கேட்காமல் எமது கல்லூரியை விட்டு வெளியேறியவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். சப்பாத்துத் தைத்தவர், இந்தியாவுக்குப் போனவர், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டவர். அவருடைய செராம்பூர் மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் சேற்றரே 1812இல் கொழும்புக்கு வந்து பப்ரிஸ்ற் ஊழியத்தை ஆரம்பித்தவர். ஆதலால் அக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கேரிக்கு மனைவி ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் நாம் கல்லூரியை விட்டு நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தோம்.

டொறத்தி பிளக்கற் கேரியை விட ஐந்து வயது மூத்தவர். 1781இல் நடந்த திருமணப் பதிவில் அவர் இட்டது ஒரு சிலுவைக் குறி; எழுதத் தெரியாது. 1793இல் கணவர் இந்தியா செல்லத் தீர்மானித்தபோது அவர் கருவுற்றிருந்தார். வரமாட்டேன் என்றார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பயணம் தடைப்பட்டது. இடையில் குழந்தை பிறந்தது. கேரியின் தோழர் தோமஸ் மீண்டும் வந்து வற்புறுத்தியபோது, தங்கை கத்தரினும் வருவதானால் தாமும் வருவதாக டொறத்தி சம்மதித்தார். பயண ஆயத்தத்துக்குக் கிடைத்தது சொற்ப நேரமே.

வங்காளத்தில் இருப்பிடம் மாறிக்கொண்டே இருந்தது. கத்தரின் அங்கேயே ஓர் ஆங்கிலேயரை மணந்து பிரிந்துபோனார். 1794இல் ஐந்து வயது மகன் பீற்றர் வயிற்றோட்டத்தால் இறந்தான். தாயும் அதே நோயால் வாடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டிலிருந்து, கணவர் தமக்குத் துரோகம் செய்கிறார் என்ற நம்பிக்கை டொறத்தியைப் பிடித்துக்கொண்டது. ஒருவராலும் அதை மாற்ற முடியவில்லை. பிற்காலத்தில் பெரும்பாலும் அறையிலேயே அடைத்து வைக்கப்பட்டார். அதே வீட்டில்தான் மொழிபெயர்ப்பு நடந்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்கு நோயின் பெயர் சூட்டுவது வைத்தியர்களுக்கு அழகல்ல. ஆனாலும் இத்தகைய நோயாளரை நாம் வைத்தியசாலையில் காண்கிறோம். டொறத்தியின் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்பட்டதே 1952இல்தான். ஆகவே பழைய வரலாற்றாசிரியர் சிலர் அவரைக் கணவரின் ஊழியத்துக்குத் தகாத மனைவி என எழுதியதை நாம் ஏற்பதற்கில்லை.

சபையை நடத்துபவர் தம் வீட்டை நன்றாக நடத்துபவராயிருக்க வேண்டும் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம். கேரியை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் என்ன? மனைவியின் நோயை அவர் கணக்கில் எழுதக் கூடாது. அவரைக் கைவிடாமல் இறுதிவரை வீட்டிலேயே வைத்திருந்தார். அதை அவருக்குச் சாதகமாகவே எழுதலாம். ஆனால் 1793இல் எடுத்த முடிவும், பிள்ளைகளைக் கவனியாது விட்டதும் அவருடையவை. 1800இல் செராம்பூரில் அப்பிள்ளைகளைக் கண்ட ஹன்னா மார்ஷ்மன், தாய் நோயாளி, தந்தை வேலையில் மூழ்கியவர், பையன்கள் கட்டுப்பாடின்றித் திரிகிறார்கள் என்று மனம் நொந்தார். பின்னர் அவர்களைச் சீர்ப்படுத்தியவர்கள் ஹன்னாவும் அவர் கணவரும் வில்லியம் வார்டும். பீலிக்ஸ் 1807இல் பர்மாவுக்கு மிஷனரியாகச் சென்றார். பள்ளிக்கூடமும் நடத்தி, சொந்தப் பிள்ளைகளையும் வளர்த்து, கேரியின் பிள்ளைகளையும் பார்த்த ஹன்னாவின் பெயரும் காலைக் கூட்டத்தில் நம் காதில் விழவில்லை. (அந்தக் கதையை நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்களே!)

டொறத்தி 1807 டிசம்பர் 8ஆந் திகதி காலமானார். ஆறு மாதம் நிறையுமுன் கேரி மறுமணம் செய்தார்.

இன்றும் போதகர்களின் மனைவிமார் எம்மிடம் வருகிறார்கள். தம் ஊரில் கிளினிக் இருந்தும், சபையார் கண்ணிற் படாதிருக்க இரண்டு பஸ் மாறி வருபவர்கள் இருக்கிறார்கள். தம் நோய் தெரியவந்தால் கணவரின் ஊழியத்துக்குப் பழுது வரும் என்பதே அவர்களின் பயம். மருந்து உறையில் பெயர் எழுத வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள்.