கவா (பானம்)

கவா என்பது பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு மிளகினச் செடியின் வேரை இடித்து, நீரில் பிசைந்து வடித்துப் பருகும் பானம் ஆகும். செடிக்கும் இதுவே பெயர். பிஜியில் இது யங்கோனா எனவும், சமோவாவில் அவா எனவும் அழைக்கப்படுகிறது. காசுமீரத்தில் அருந்தப்படும் காவா என்னும் தேநீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. புளிக்க வைக்கப்படாததாலும் சாராயம் சேராததாலும் இதனைக் கள்ளுடன் ஒப்பிடுவது பொருந்தாது. தமிழர் பெருமளவில் இப்பானத்தைப் பழகிய நாடு பிஜி ஆகும்.

தாவரம்

இதன் அறிவியற் பெயர் பைப்பர் மெதிசுடிகம். மிளகு, வெற்றிலை, திப்பிலி ஆகியவை உள்ள அதே பேரினத்தைச் சேர்ந்தது. இதன் இதயவடிவ இலை வெற்றிலையை நினைவூட்டும். முளைக்கும் விதை இதற்கு இல்லை. தண்டை நறுக்கி நட்டே வளர்க்க வேண்டும். ஆகவே இது தீவு தீவாக மனிதர் கையோடு சென்ற பயிர் ஆகும். இதன் பிறப்பிடம் வனுவாட்டு எனக் கருதப்படுகிறது. வேர் பயன்பாட்டிற்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகும்.

வேரிலுள்ள கவாலாக்டோன்கள் என்னும் வேதிப்பொருட்களே இதன் செயலுக்குக் காரணம். குடித்தவுடன் நாக்கும் உதடும் மரத்துப் போகும். பின்னர்த் தசைகள் தளர்ந்து மனம் அமைதியடையும். சுவையோ மண் கலந்த கசப்பு. முதன்முறை அருந்துவோர் விரும்புவது அரிது.

மரபு வழக்கம்

பிஜியில் ஓர் ஊருக்கு விருந்தினராகச் செல்வோர் ஊர்த் தலைவரிடம் கவா வேரைக் காணிக்கையாக வைக்க வேண்டும். இது செவுசெவு எனப்படும். நம் ஊர்களில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போன்ற மரியாதை இதில் உண்டு. தானோவா என்னும் கால்களுடைய மரத்தொட்டியில் பானம் கலக்கப்பட்டு, சிரட்டையாலான பிலோவில் தகுதி வரிசைப்படி வழங்கப்படும். பெறுபவர் ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீண்டும் மூன்று முறை தட்டுவார். சில தீவுகளில் முற்காலத்தில் இளையோர் வேரை மென்று கொடுக்க, அதிலிருந்தே பானம் செய்யப்பட்டது. கிறித்தவ சமயப் பரப்புநர்கள் பல தீவுகளில் கவாவை எதிர்த்தனர். வனுவாட்டு 1980இல் விடுதலை பெற்றபின் அங்கு அது தேசிய அடையாளமாகவே எழுந்தது.

பிஜித் தமிழரும் கவாவும்

1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவ்வழி சென்றோர் ஏறத்தாழ 15,000 பேர். இவர்களுள் வட ஆற்காட்டார் மிகுதி. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருத்தணி அக்காலத்தில் வட ஆற்காட்டைச் சேர்ந்ததாகும்.

காலனி ஆட்சியில் மது வாங்க இந்தியருக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கவாவோ மலிவாகவும் தடையின்றியும் கிடைத்தது. சடங்குப் பானமாக இருந்த அது, இந்தியர் வீடுகளில் கிராக் என்ற பெயரில் மாலைநேரப் பேச்சுத் துணையாயிற்று. தலைவர் வரிசை இங்கு இல்லை; மரத்தொட்டிக்குப் பதில் சாதாரணப் பாத்திரமே போதும். கசப்பைப் போக்க மிட்டாயோ காரச் சிற்றுண்டியோ உடன் வைக்கப்படும். திருமண வீட்டிலும் இழவு வீட்டிலும் இரவு முழுதும் கிண்ணம் சுற்றிவரும். வேரை வாங்கி இரும்பு உரலில் இடித்துப் பொட்டலமாக விற்கும் தொழிலில் இந்திய வணிகர் பலர் ஈடுபட்டனர். 1987ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிகளுக்குப் பின் ஆசுத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் குடியேறியோர் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர்.

மருந்தாகக் கவாவும் ஈரல் சர்ச்சையும்

1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மனப்பதற்றத்திற்கான மூலிகை மாத்திரையாகக் கவா விற்கப்பட்டது. இவை பெரும்பாலும் எத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் பிரித்த செறிவான சாறுகள். உண்டோரில் சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டது. சிலருக்கு ஈரல் மாற்று அறுவையும் தேவைப்பட்டது. செருமனி 2002இல் ஒப்புதலை நீக்கியது. 2003இல் பிரித்தானியா தடை விதித்தது. ஏற்றுமதியை நம்பிப் பயிரிட்டிருந்த தீவு உழவர்கள் மாத்திரைக்காக வேரும் தண்டும் விலைபோகாமல் இழப்புற்றனர்.

உலக சுகாதார அமைப்பின் 2007ஆம் ஆண்டு மதிப்பீடு 93 நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 8இல் மட்டுமே கவாவுடன் நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. பலவற்றில் வேறு மருந்துகளோ மதுவோ உடனிருந்தன. கரைப்பான், வேருடன் சேர்க்கப்பட்ட தண்டுத்தோலும் இலையும், பூஞ்சை, தகாத வகைச் செடி எனப் பல காரணங்கள் கூறப்பட்டாலும் எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. வனுவாட்டு 2002இல் இயற்றிய கவாச் சட்டம் ஏற்றுமதிக்கு உகந்த 'உயர்' வகைகளைப் பிரித்துக் காட்டியது. இரு நாள் மயக்கம் தரும் 'டூடே' வகைகள் அவற்றில் அடங்கா.

கொலோன் நிருவாக நீதிமன்றம் 2014இல் செருமானியத் தடை முறையற்றது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2019இல் அந்நாட்டு மருந்து நிறுவனம் ஒப்புதலை மீண்டும் நீக்கியது. 2020இல் வெளியான ஆசுத்திரேலிய ஆய்வில் 171 பேர் 16 வாரங்கள் கவா மாத்திரையோ போலி மாத்திரையோ உண்டனர். கவா மேலானதாகத் தெரியவில்லை, ஈரல் சோதனை மாறுபாடுகளும் அதை உண்டோரிடம் மிகுந்திருந்தன. மரபு முறையில் நீரில் பிசைந்த பானத்தை இம்மாத்திரையோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. அதேவேளை பானமும் தீங்கற்றதன்று: பல ஆண்டுகள் அளவுமீறிக் குடிப்போர்க்குத் தோல் வறண்டு செதில் உதிரும், ஈரல் நொதி அளவு உயரும். மதுவுடனோ தூக்க மருந்துடனோ சேர்த்தருந்துதல் ஆபத்தானது.

வணிகம்

2015இல் பாம் சூறாவளி வனுவாட்டிலும், 2016இல் வின்சுடன் சூறாவளி பிஜியிலும் தோட்டங்களை அழித்தன. புதிய செடி முதிர ஆண்டுகள் ஆவதால் விலை பன்மடங்கு உயர்ந்தது. நீரில் கலந்து பருகும் கவாவிற்கான வட்டாரத் தரம் 2020இல் உலக உணவுத் தரக் குழுவால் ஏற்கப்பட்டது. ஆசுத்திரேலியா 2021 திசம்பரில் வணிக இறக்குமதியைச் சோதனை முறையில் அனுமதித்தது. அமெரிக்க நகரங்களில் மதுவுக்கு மாற்றாகக் கவாக் கடைகள் தோன்றியுள்ளன.