ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் முதுமை நலம்

ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. மலையில் பிறக்கும் உத்திரகாவேரி ஆறு இவ்வூர் வழியாகச் சென்று பாலாற்றில் கலக்கிறது. மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சந்தைக்கும் பேருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்களில் பலர் இறங்கிவரும் ஊர் இது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை அன்று தலைநரைத்தவர்கள் பலரை இங்கே காணலாம்.

அறுபதைக் கடந்தவர் தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறனைக் காத்துக்கொள்வதையே உலக சுகாதார நிறுவனம் நலமான முதுமை என்கிறது. சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தாலும் இத்திறன் நீடிக்கலாம். ஒடுகத்தூர் வட்டாரத்துக்கு இந்த விளக்கம் மிகவும் பொருந்தும். மலைமேல் இருப்பவருக்கு நடை நின்றுபோனால் சந்தை, ரேஷன், மருத்துவர், உறவினர் அத்தனையும் ஒரே நாளில் தொலைவாகிவிடுகின்றன.

கால்வலு

ஐம்பது வயதுக்குப் பிறகு தசை ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறையும். முதலில் பாதிக்கப்படுவது தொடை. கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமல் போவது அதன் அடையாளம். காடு, கழனி, ஆடு என்று வாழ்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். வேலை இருக்கும்வரை அது சரி. ஆட்டை விற்று, கழனியை மகனிடம் கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் சரிவு தொடங்குகிறது. “இனிமே நீ உட்காரு, போதும்” என்று பிள்ளைகள் அன்போடு சொல்வது பல நேரங்களில் கெடுதலாக முடிகிறது. முடிந்த வேலையை முடிந்த மட்டும் செய்யவிடுவதே பெரியவர்களுக்குச் செய்யும் உதவி.

65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை அல்லது அதற்கு ஒப்பான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாள் உடலின் சமநிலைக்கான பயிற்சி. பலரும் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் விழாமல் காப்பவை பின்னிரண்டும்தான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவற்றுக்குக் காசும் கருவியும் வேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. ஈரத் தரை, இருட்டான கொல்லைப்புறம், தேய்ந்த ரப்பர் செருப்பு, படுக்கையிலிருந்து சட்டென எழும்போது வரும் கிறுகிறுப்பு ஆகியவற்றைக் கவனித்தாலே பல விபத்துகளைத் தவிர்க்கலாம்.

சாப்பாடு

ஜவ்வாது மலையின் பழைய உணவு சாமையும் கேழ்வரகும். கேவுரு என்று இங்கு சொல்லப்படும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். ரேஷன் அரிசி வந்தபின் பசி குறைந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பல்போன பெரியவர்கள் சோறும் ரசமும், இல்லையேல் டீயும் பன்னும் என்று நாளைக் கழிக்கும்போது புரதம் மிகவும் குறைந்துவிடுகிறது. முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும் என்பது முதியோர் மருத்துவ வல்லுநர்களின் கருத்து. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். கொள்ளு, மொச்சை, துவரை ஆகியவற்றை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தால் பல் தடையாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். வேலூர் வெயிலில் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாத்திரையும் மலைப்பாதையும்

2023 மே மாதம் இதே வட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது நாட்டையே உலுக்கியது. அதே பாதைதான் பக்கவாதம் வந்த முதியவருக்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். டோலி கட்டித் தூக்கிவரும் ஊரில் அந்தக் கெடு எளிதில் தாண்டிவிடும். ஆகவே இங்கே ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் விடாமல் போடுவது நகரத்தைவிட முக்கியம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. தமிழ்நாட்டின் மலைக்கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் அண்மையில் வரவில்லை என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. சாலை அமைந்தால்தான் அதன் பயன் முழுமையாகும்.

மனம்

இளையவர்கள் திருப்பூருக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும், அடிவாரத்துப் பெண்கள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கும் போய்விடுவதால் பகல் முழுதும் வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும்தான். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. “உடம்பெல்லாம் வலிக்குது”, “சோறு இறங்கல”, “விடிய விடிய முழிப்பு” என்றுதான் வரும். வயசானால் அப்படித்தான் என்று ஒதுக்குவது தவறு. அது குணமாகக்கூடிய நோய்.

மறதிநோய் வேறு. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கவோ மாற்றவோ கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. கேட்காத காது, கண்புரை போன்றவற்றால் மங்கிய பார்வை, ரத்தக்கொதிப்பு, புகைபிடித்தல், தனிமை ஆகியவை அப்பட்டியலில் உண்டு.

தனிமைக்கு நல்ல மருந்து இதே மாவட்டத்தில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. 1977-இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ‘ருஷா’ அமைப்பு கிராமங்களில் முதியோர் நல மையங்களை நடத்துகிறது. ஏழை முதியவர்கள் அங்கே கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள், உடல்நலமும் கவனிக்கப்படுகிறது. மலையின் ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படி ஒன்று வேண்டும்.

உதவிகள்

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேரூன்றியது தமிழ்நாட்டில். டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியில் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கான பிரிவு தொடங்கியது. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் ரூ.1,000-இலிருந்து ரூ.1,200 ஆனது. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.